பீரோவுக்குப் பின்னால் ஓர் உத்தரவு

பிளாரன்ஸ் முற்றத்து ஓலைப்பாயில் சாளைக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது தெருமுனையில் தமுக்குச் சத்தம் கேட்டது. சிலுவைத்துறைப் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். அந்த 1976-ஆம் வருஷத்தில் தமுக்குக்கு ஒரே அர்த்தம்தான். யாரோ ஒருவர் வீடு ஏலத்துக்குப் போகிறது.

இந்த முறை அது அவள் வாசலிலேயே நின்றது. கோர்ட்டு அமீனா கதவில் பசை தடவி நோட்டீஸ் ஒட்டினார். தமுக்கடிப்பவனும் தாலுகா ஆபீஸ் எடுபிடியுமான பேச்சிமுத்து, வருகிற வெள்ளிக்கிழமை இஞ்ஞாசி வீடு ஏலம் என்று சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இஞ்ஞாசி அவள் புருஷன். புயலில் மீன்பிடி வல்லம் உடைந்தபின் வீட்டை அடகு வைத்துப் புது வல்லம் வாங்கினான். அதுவும் பாறையில் மோதிப் போயிற்று. இப்போது கொழும்புத் தோணியில் கூலிக்குப் போயிருக்கிறான். வர இன்னும் இருபது நாளாகும். வீடு போனால் பிளாரன்ஸ் இரண்டு பெண்பிள்ளைகளோடு வலைக் கொட்டகையில் குடியேற வேண்டியதுதான். பக்கத்து வீட்டு அல்போன்சா போன மாதம் அப்படித்தான் குடியேறினாள்.

கடன்பட்ட ஏழைகளின் வீட்டை ஒரு வருஷத்துக்கு ஏலம் விடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டிருப்பதாகத் தூத்துக்குடி மீன் சந்தையில் பிளாரன்ஸ் கேள்விப்பட்டிருந்தாள். தாசில்தாரிடம் சான்று வாங்கிக் கோர்ட்டில் கொடுத்தால் போதுமாம். அதற்காக இரண்டு தடவை தாலுகா ஆபீஸுக்கு நடந்திருந்தாள். அங்கே மனு வாங்குகிறவர் குமாஸ்தா தேவபிரசாதம். எமர்ஜென்சிக்குப் பயந்து எல்லாரும் நேரத்துக்கு வேலைக்கு வந்த காலம் அது. தேவபிரசாதமும் சரியாகப் பத்து மணிக்கே வந்து உட்கார்ந்து லஞ்சம் வாங்கினார்.

“அது வயக்காட்டுக்காரங்களுக்கும்மா. கடலுக்குப் போறவங்களுக்கு இல்ல” என்றார் முதல் தடவை. ஊரே அதை நம்பியது. சர்க்கார் என்றைக்குக் கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறது? இரண்டாம் தடவை, “அம்பது ரூபா கொண்டா, மேல சொல்லிப் பாக்கேன்” என்றார். அவளிடம் ஏது ஐம்பது ரூபாய்?

வியாழக்கிழமை காலையில் பேச்சிமுத்து தமுக்கில்லாமல் வந்து முற்றத்தில் நின்றான்.

“எக்கா, அந்த உத்தரவு உங்களுக்கும் உண்டு. மீன்பிடிக்கிறவங்கன்னு அச்சுலயே போட்டிருக்கு. நானே படிச்சேன்.”

“எங்கனலே படிச்ச?”

“ஆபீஸ் சுவத்துல. எல்லாரும் பாக்குத மாதிரி ஒட்டச் சொல்லி மேலருந்து வந்துச்சு. ஒட்டுன அன்னைக்கே குமாஸ்தா என்னையக் கூப்பிட்டு, அதை மறைச்சுப் பீரோவ நகத்தி வைக்கச் சொன்னாரு. வச்சேன். மூணு மாசமாச்சு.”

அந்த மூன்று மாதத்தில் சிலுவைத்துறையில் மூன்று வீடுகள் போயிருந்தன. மூன்று வாசலிலும் தமுக்கடித்தவன் இவன்தான். பிளாரன்ஸுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

“போய்த் தமுக்க எடுத்துட்டு வா” என்றாள்.

ஆபீஸில் அன்று நல்ல கூட்டம். பிளாரன்ஸ் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய்ப் பீரோவில் கை வைத்துத் தள்ளினாள். பேச்சிமுத்தும் தோள் கொடுத்தான்.

“ஏம்மா, கவர்மெண்ட் சாமான்ல கை வைக்காத” என்று தேவபிரசாதம் எழுந்தார். பீரோ தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. பின்னால், ஒட்டடை படிந்து, அந்த உத்தரவு இருந்தது. பேச்சிமுத்து தமுக்கை அடித்தான். தாசில்தார் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். பிளாரன்ஸ் எழுத்துக் கூட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி அதைக் கடைசி வரிவரை வாசித்தாள்.

“வேற இடமில்லாம வச்சதுங்கய்யா” என்றார் தேவபிரசாதம்.

“வீட்ட எடுக்கதுக்கு வாசல் தேடி வந்து தமுக்கடிக்கிய. வீட்டக் காக்க வந்த தாள மட்டும் பீரோவுக்குப் பின்னால வைக்கிய. போன மூணு வீட்டுக்கும் உங்கள்ல யாருய்யா பதில் சொல்லுவிய?” என்று பிளாரன்ஸ் கேட்டாள்.

மத்தியானத்துக்குள் சான்று கைக்கு வந்தது. தாசில்தார் இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போடவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் தன் நாற்காலி போய்விடுமோ என்று பயந்து போட்டார். தேவபிரசாதத்தை வேறு மேசைக்கு மாற்றினார்கள். மூன்று குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியதற்கு அவ்வளவுதான் தண்டனை.

பிளாரன்ஸ் சான்றைக் கோர்ட்டில் கொடுத்தாள்; வெள்ளிக்கிழமை ஏலம் நின்றது. அன்று சாயங்காலம் பேச்சிமுத்து கூலி வாங்காமல் தெருத் தெருவாகத் தமுக்கடித்து உத்தரவைச் சொல்லிக்கொண்டு வந்தான். வலைக் கொட்டகைக்கு வெளியே அல்போன்சா நின்று முழுவதையும் கேட்டாள்.

“இதப் போன மாசம் அடிச்சிருக்கலாமேலே” என்றாள்.

பேச்சிமுத்து தமுக்கைத் தரையில் வைத்தான்.

“காசு கேட்டது அவரு. பீரோவ நகத்துனது நான். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டுக் கெடந்தவனும் வீட்டப் பிடுங்குனவன்தான்க்கா.”

“ஆமாலே” என்றாள் அல்போன்சா.