மூன்றரை டிகிரி

ஆம்பூரில் கடல் மீன் வளர்ப்பவர்கள் குறைவு. தோல் தொழிற்சாலையில் உப்புத் தொட்டிகளைக் கவனிக்கும் ஜெயசீலன் அவர்களில் ஒருவர். மனைவி இறந்து, மகளும் மஸ்கட்டுக்குப் போன பிறகு வாங்கிய கண்ணாடித் தொட்டியில் இரண்டே உயிர்கள்: விரல் நீள மஞ்சள் மீன் ஒன்று, இறால் ஒன்று.

பவளப்பாறை ஓரத்து மணலில் இந்த இரண்டும் ஒரே வளையில் குடியிருக்கும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் நாள் முழுக்கத் தோண்டும். மீனுக்குத் தோண்ட வராது, பார்வை கூர்மை. அது வாசலில் காவல் நிற்கும். மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் இறால், மீசையால் மீனைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்தென்றால் மீன் வாலைச் சிலுப்பும். அந்த நொடியே இறால் உள்ளே போய்விடும்.

கடைக்காரர் மீனின் பெயர் கோபி என்றார். "நம்ம மேஸ்திரி பேராச்சே. அவரும் வாசல்ல நிக்கிறதோட சரி" என்று சிரித்தார் சர்தார் பாஷா. தொழிற்சாலையில் உடன் வேலை செய்பவர். ஞாயிறு மாலை டீ குடிக்க வரும் அவரைத் தவிர அந்த வீட்டு மணியை யாரும் அழுத்துவதில்லை.

ஹெர்னியா அறுவைக்காக வேலூர் போகும்போது ஜெயசீலன் அவரிடம்தான் சாவியைக் கொடுத்தார். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது, அதனால் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று விளக்கினார். தொட்டி அருகே கிடந்த அளவுக் குழலைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

அது தொழிற்சாலையில் உப்பின் அளவு பார்க்க நீரில் மிதக்கவிடும் அதே கண்ணாடிக் குழல். கடல் நீர் அதில் மூன்றரை டிகிரி காட்டும். உப்பும் அமிலமும் கலந்து தோல் ஊறும் தொட்டியிலோ ஏழு வேண்டும். குறைந்தால் அமிலத்தில் தோல் ஊதிக் கெட்டுவிடும். இருபது வருடம் ஏழையே பார்த்துப் பழகிய பாஷா, மூன்றரையைக் கண்டு பதறி, தினமும் இரண்டு கை கல்லுப்பு போட்டார்.

நான்காம் நாள் ஜெயசீலன் திரும்பியபோது குழல் ஐந்தைத் தொட்டது. மீன் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இறால் உள்ளே செத்து வெளுத்திருந்தது.

போன் செய்தார். "ரொம்ப கம்மியா இருந்துச்சு ஜெயா. நான்தான் ஏத்தி வச்சேன்" என்றார் பாஷா, பெருமையாக.

"சரி பாய்" என்று வைத்துவிட்டார்.

கடல் மீன் ஓயாமல் நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. உப்பைச் சட்டென்று குறைத்தால் அந்த ஏற்பாடு குலைந்துவிடும். அதனால் இரண்டு நாள், மணிக்கு அரை மக் எடுத்து, அரை மக் நல்ல தண்ணீர் ஊற்றினார். குழல் மூன்றரைக்கு இறங்கியது. மீன் இரை எடுத்தது.

ஆனால் தோண்ட ஆளில்லாமல் மணல் சரிந்து வளை மூடிக்கொண்டது. மீன் மூடிய இடத்திலேயே நின்று, அவ்வப்போது வாலைச் சிலுப்பியது. ஜெயசீலன் கையை விட்டு, விரலால் வளையைத் தோண்டினார். மறுநாளும் தோண்ட வேண்டியிருந்தது.

ஞாயிறன்று பாஷா வந்து தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். "இறாலைக் காணோமே?"

சொன்னால் மனிதர் உடைந்துபோவார். அடுத்த ஞாயிறு வரக் கூச்சப்படுவார்.

"உள்ளதான் இருக்குது பாய். வேலை ஜாஸ்தி அதுக்கு."

"தோண்டிக்கினேதான் இருக்குதா?"

"தினமும்" என்றார் ஜெயசீலன். டீ போட எழுந்தார்.