பதினேழாம் எண் கட்டம்

மூன்றாவது நோட்டீஸ் வைப்பருக்கு அடியில் செருகியிருந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலேயே அரையிஞ்சு அதைப் படித்தாள். "கட்டம் 17. கோட்டைத் தாண்டி நிறுத்தியது." பக்கத்தில் அம்மா, நாலு மணி நேர டயாலிசிஸ் முடிந்த களைப்பில், கார்க் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"என்னடி, மறுபடியுமா?"

"ஆமாம்மா."

"எந்தக் கோட்டையாம்?"

அரையிஞ்சு குனிந்து பார்த்தாள். முன்சக்கரத்துக்கு அடியில் வெறும் தார்தான் இருந்தது. சுவரோரம் கட்டைவிரல் நீளத்துக்குப் பழைய வெள்ளைக் கோட்டின் ஒரு துண்டு, காரின் பின்பக்கம் அதேபோல் இன்னொரு துண்டு. நடுவில் எதுவும் இல்லை.

அரையிஞ்சு என்பது அவள் வேலை செய்யும் ஆல்டரேஷன் கடையில் மாஸ்டர் வைத்த பேர். பேன்ட்டின் கால் மடிப்பில் அரை இஞ்ச் கூடிவிட்டதோ, குறைந்துவிட்டதோ என்று மூன்று தடவை அளப்பாள்; அளந்த பிறகும் டேப் இழுத்திருக்குமோ என்று சந்தேகப்படுவாள். பேர் கடையிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டது. கோபமாக இருந்தால் மட்டும்தான் அம்மா சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

அந்த நிறுத்துமிடம் ஒரு தனியார் கம்பெனியுடையது. டயாலிசிஸ் சென்டருக்கு வருகிறவர்களின் வண்டி எண்களைப் பதிந்து வைத்திருப்பார்கள். கேமரா எண்ணைப் படிக்கும், கேட் திறக்கும். ஒரு வண்டிக்கு மூன்று நோட்டீஸ் ஆகி, முறையீடும் தோற்றுவிட்டால் எண்ணை எடுத்துவிடுவார்கள், அப்புறம் கேட் திறக்காது. வாடகைக் காருக்கு எப்போதுமே திறக்காது. முதல் நோட்டீஸ், அம்மாவுக்கு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கப் பதினோரு நிமிடம் கூடுதலானதற்கு. இரண்டாவது, கார் கண்ணாடிக்கு உள்ளே வைத்த அனுமதிச் சீட்டு காற்றில் குப்புற விழுந்ததற்கு. இரண்டுக்கும் அபராதத்தைப் பேசாமல் கட்டியாகிவிட்டது. பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். கேட் மூடிவிட்டால் பின்தெருவில் வண்டியை விட்டுவிட்டு அம்மா நடக்க வேண்டும். ஒருநாள் அரையிஞ்சு அதை எண்ணிப் பார்த்திருக்கிறாள். முந்நூற்றுப் பன்னிரண்டு அடி வைக்க வேண்டும். அம்மாவால் நாற்பதுக்கு மேல் நிற்காமல் வைக்க முடியாது.

மறுநாள் கடையில் நோட்டீஸை மாஸ்டரிடம் காட்டினாள்.

"கோடே இல்லாத இடத்துல கோட்டைத் தாண்டினேன்னு போட்டிருக்காங்க மாஸ்டர்."

"அப்ப இல்லன்னு காட்டு."

"இல்லாததை எப்படிக் காட்டறது?"

மாஸ்டர் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினார். "அளந்து காட்டும்மா. ஊர்ல இருக்கற இடுப்பெல்லாம் அளக்கறே, ஒரு கார் நிக்கற இடத்தை அளக்க மாட்டியா?"

அது சரியென்று பட்டது. அவளுக்குத் தெரிந்த ஒரே வேலையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைப் பதினேழாம் கட்டத்தில் அன்று நின்ற மாதிரியே நிறுத்தினாள். சென்டர் மூடியிருந்தது. மண்டியிட்டு, சுவரோரத் துண்டில் டேப்பின் ஒரு முனையை வைத்து, அதன் மேல் செருப்பை வைத்து அழுத்தி, மறுமுனையைப் பின்பக்கத் துண்டுக்கு இழுத்தாள். டேப் எட்டவில்லை. இரண்டு தடவையாக அளந்தாள். பிறகு பையிலிருந்து மெழுகுச் சாக்பீஸை எடுத்து இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தாள். துணியில் இரண்டு புள்ளி தெரிந்தால் அவள் கை சும்மா இருக்காது. நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தி, பட்டையாக நிரப்பினாள். முன்சக்கரம் கோட்டை நாலரை இஞ்ச் தாண்டியிருந்தது. அதையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். பிறகுதான் போனை எடுத்து நாலு படம் பிடித்தாள்.

குறி போடாத துணியை யாரிடமும் காட்டுவதில்லை என்பது கடைப் பழக்கம். கோடு இழுப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தபோதுதான் உறைத்தது. படத்தில் புத்தம் புதுசாக ஒரு வெள்ளைக் கோடு, அதன் மேல் அவளுடைய சக்கரம். ஈரத்துணியோடு திரும்ப ஓடினாள். மெழுகு தாரின் குழிகளுக்குள் இறங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்கக் கோடு மங்கி அகலமானதே தவிர, போகவில்லை.

கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் முறையீட்டுக் கடிதம் எழுதினாள். கோடு தான் போட்டது என்பதையும், எதற்காகப் போட்டாள் என்பதையும், நாலரை இஞ்சையும் ஒளிக்காமல் சொன்னாள். கோடு இருந்திருந்தால் தாண்டியிருக்க மாட்டேன் என்று முடித்து, வேறு படம் இல்லாததால் அந்த நாலு படங்களையும் இணைத்தாள். எழுதி முடித்ததும் ஒருவேளை கோடு கொஞ்சமாவது தெரிந்ததோ, தான்தான் அவசரத்தில் கவனிக்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் கேட்டாள்.

"அன்னைக்கு உனக்குக் கோடு தெரிஞ்சுதாம்மா?"

"எனக்கு நீயே மங்கலாத்தான் தெரிஞ்சே. அனுப்பித் தொலைடி."

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. "தாங்கள் இணைத்துள்ள படம் 2இல் கட்டத்தின் கோடு தெளிவாகத் தெரிகிறது. முறையீடு நிராகரிக்கப்படுகிறது. இதுவே இறுதி முடிவு."

கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். ஒரே அறை, கண்ணாடித் தடுப்பு, அதில் பேசுவதற்கு ஒரு வட்ட ஓட்டை. ஓட்டை உட்கார்ந்திருப்பவரின் உயரத்துக்கு இருந்ததால் அவள் குனிந்தே பேச வேண்டியிருந்தது.

"சார், அந்தக் கோடு நான் போட்டது. லெட்டர்ல ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

கிளார்க் திரையைப் பார்த்தார். அவளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். "போட்டோல பளிச்சுனு இருக்கே மேடம்."

"நான் போட்டதால பளிச்சுனு இருக்கு."

"எங்க இடத்துல நீங்க ஏன் மேடம் கோடு போடணும்?"

"உங்க கோடு அழிஞ்சுபோச்சுன்னு காட்டறதுக்கு."

"அழிஞ்ச போட்டோ இருக்கா?"

அவள் போனில் அந்த நாலு படங்களையும் மறுபடி தள்ளிப் பார்த்தாள். கிளார்க்குக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது போலிருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க லெட்டர் வந்த பிறகு அங்க பெயின்ட் அடிக்கச் சொல்லி ஆர்டர் போயிருக்கு மேடம். இந்த வாரமே முடிஞ்சிடும்."

"அப்ப அழிஞ்சிருந்துச்சுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"அது பராமரிப்புப் பிரிவு. நான் முறையீட்டுப் பிரிவு."

"அவங்க எங்க உக்கார்றாங்க?"

"இங்கேதான். செவ்வாயும் வியாழனும் நான்தான் அது." காலண்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இன்னைக்குப் புதன் மேடம்."

வியாழக்கிழமையும் போனாள். பெயின்ட் அடிக்கச் சொன்ன ஆர்டரின் நகல் வெளியாட்களுக்குக் கிடையாது என்று அவரே வருத்தமாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஏழே காலுக்குக் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். கேமராவுக்கு மேலே இருந்த விளக்கு சிவப்பாகவே இருந்தது. கொஞ்சம் பின்னால் எடுத்து மறுபடி முன்னால் விட்டாள். எண் பலகையில் தூசி இருக்குமோ என்று இறங்கித் துடைத்தாள். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது.

"போதும், எடு. அதுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றாள் அம்மா.

பின்தெருவில் வண்டியை விட்டார்கள். சென்டரின் சக்கர நாற்காலி கேட்டைத் தாண்டி வெளியே வராது, அதற்கும் ஒரு விதி இருந்தது. அம்மா முதல் நாற்பதை ஒரே மூச்சில் வைத்தாள். அடுத்தது முப்பத்தைந்து, அதற்கடுத்தது இருபத்தெட்டு. அரையிஞ்சு வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஏழரைக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். தாமதமானால் அந்த நிமிடங்கள் டயாலிசிஸ் நேரத்தில் குறைந்துவிடும், ஏனென்றால் அடுத்த ஆள் பதினொன்றரைக்குக் காத்திருப்பார்.

ஆட்கள் நடந்து போகும் சின்ன வழியாக உள்ளே நுழைந்தபோது, கட்டங்களுக்கு நடுவே ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அம்மாவால் அதற்கு மேல் முடியவில்லை. அவர் மூடிய பெயின்ட் டின் ஒன்றை அவளுக்குப் பக்கத்தில் தள்ளினார்.

"உக்காருங்கக்கா. மூடி இறுக்கமாத்தான் இருக்கு."

அம்மா உட்கார்ந்தாள். மூச்சு திரும்பியதும் முதலில் கேட்டது, "இதெல்லாம் எப்படித்தான் நேரா அடிக்கிறீங்க?"

"சிரமந்தான்கா. பழைய கோடே கிடையாது இங்க. ஒவ்வொண்ணையும் நூல் புடிச்சு அளந்து அடிச்சேன்." ரோலரால் பதினேழாம் கட்டத்தைக் காட்டினார். "இது ஒண்ணுதான் எனக்கு வேலை வைக்கல. யாரோ முன்னாடியே அச்சா கோடு போட்டு வச்சிருந்தாங்க. மேல ஒரு ஓட்டு ஓட்டினேன், முடிஞ்சுது."

அரையிஞ்சு அந்தக் கோட்டைப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. "பழைய கோடே இல்லைன்னு சொன்னீங்களே, அதை ஒரு தாள்ல எழுதித் தருவீங்களாண்ணே?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

"நான் தினக்கூலிம்மா. என்னை இதுல இழுக்காதே." ரோலரைத் தட்டில் புரட்டினார். "யாராவது வந்து கேட்டா நான் அப்படிச் சொல்லவே இல்லன்னுதான் சொல்லுவேன், தப்பா நெனச்சுக்காதே."

அம்மா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, இன்னும் இரண்டு நிமிடம் போயிற்று. "உன் கைவேலைடி. கூலி கேளு அவர்கிட்ட."

பெயின்டர் புரியாமல் அவளையும் இவளையும் பார்த்தார். அரையிஞ்சு அம்மாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். பெயின்ட் காயாத கோடுகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதில் இன்னும் பத்தொன்பது அடி கூடியது.

படுக்கையில் படுத்தபோது சுவர்க் கடிகாரம் ஏழு ஐம்பத்திரண்டு காட்டியது. நர்ஸ் எதுவும் திட்டவில்லை. ஊசியைக் குத்தி, குழாய்களை மாட்டி, மெஷினில் நாலு மணி நேரம் என்றிருந்ததை மூன்று மணி முப்பத்தெட்டு நிமிடமாகக் குறைத்து, அட்டையிலும் அதையே எழுதினாள்.

"செவ்வாய்க்கிழமை கொஞ்சம் சீக்கிரம் கிளம்புங்கம்மா" என்றாள்.

"சீக்கிரம் கிளம்பினாலும் அடி அதேதானே" என்று சொல்லிவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அரையிஞ்சு ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். நாலரை இஞ்ச் என்று எழுதியிருந்த பக்கத்தின் கீழே முந்நூற்று முப்பத்தொன்று என்று எழுதினாள். பெயின்ட் காய்ந்தால் பழையபடி முந்நூற்றுப் பன்னிரண்டு ஆகிவிடும் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.