விசிறி மீது வழக்கு

எட்டாம் வகுப்பு சி பிரிவில் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு ஒரு மின்விசிறி கண்ணீர் விட்டு அழுதது. சும்மா கண் கலங்கவில்லை. வகுப்பே பார்க்க, சொட்டுச் சொட்டாக அழுதது. இங்கிலீஷ் டீச்சர் இதை யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வாள்.

அந்த வாரத் தொடக்கத்தில் அழாத குறையாக இருந்தவள் என்னவோ டீச்சர்தான். சி பிரிவுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி. கெஞ்சிக் கூத்தாடி அவள் வாங்கிய பாடவேளை அது. அதில் பிள்ளைகள் பேசியதைவிடச் சுவர்ப்பல்லி அதிகம் பேசியிருக்கும். பட அட்டை காட்டினாள், பொம்மைக் கடை பரப்பினாள், கரடி வேஷம்கூடப் போட்டாள். கரடிக்குக் கைதட்டினார்களே தவிர வாய் திறக்கவில்லை.

அதே பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று, அந்தப் பாடவேளையைக் கணக்குக்குத் தரும்படி தலைமையாசிரியையிடம் கேட்டுவிட்டான்.

"இந்த வெள்ளிக்கிழமை நானே வந்து உக்கார்றேன்," என்றார் தலைமையாசிரியை, இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு. "புத்தகம் பாக்காம பிள்ளைங்க பேசினா டீச்சருக்கு. இல்லன்னா சாருக்கு."

வெளியே வந்ததும் டீச்சர் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அக்காவுக்கே குழி பறிக்கிறியேடா, பாவி!"

"நீ கரடி வேஷம் போடுற நேரத்துல நான் ரெண்டு கணக்காவது போடுவேன்ல? உன் பசங்க வாயைப் பூட்டிச் சாவியைக் கிணத்துல போட்டுட்டாங்க, அக்கா. விட்டுடு."

வியாழக்கிழமை அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது பூட்டிய வாயெல்லாம் திறந்து கிடந்தது. ஊமைக் கூட்டம் தாய்மொழியில் மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இந்தக் கிழம் ஊருக்கே கேக்குற மாதிரி கத்துது, காத்து மட்டும் வரமாட்டேங்குது!"

"வருது டீச்சர், அடுப்புலேர்ந்து வருது!"

டீச்சருக்குப் பொறி தட்டியது. புகழச் சொன்னால் பஞ்சம். திட்டச் சொன்னால் வெள்ளம்! இத்தனை நாள் அவள் பேசச் சொன்னது 'எங்கள் அழகிய தோட்டம்' பற்றி. தொட்டிச் செடிகூட இல்லாத பிள்ளை தோட்டத்தைப் பற்றி என்னத்தைப் பேசும்?

"நாளைக்கு இந்த ஃபேன் மேல கேஸ் போடுறோம். நான் ஜட்ஜ். யார் வேணாலும் குத்தம் சொல்லலாம், யார் வேணாலும் வக்காலத்து வாங்கலாம். ஆனா இங்கிலீஷ்லதான். தப்பா பேசினா தண்டனை கிடையாது. தப்பைக் கேட்டுச் சிரிச்சா, சிரிச்சவங்கதான் அடுத்த சாட்சி!"

வழக்காடத் தேவையான சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியை வருகிறார் என்று பியூன் காலையிலேயே ஏணி போட்டு ஏறி, கப்பலே மிதக்கிற அளவுக்கு விசிறிக்கு எண்ணெய் விட்டிருந்தார். கடைசிப் பாடவேளையில் தலைமையாசிரியை நாற்காலியில் அமர்ந்தார். தம்பி கையைக் கட்டிக்கொண்டு விசிறிக்கு நேர் கீழே நின்றான். டீச்சர் கரும்பலகைத் துடைப்பானால் மேசையைத் தட்டினாள்.

அணை உடைந்தது. அவர்கள் பேசிய ஆங்கிலத்தைத் தமிழாக்கினால் இப்படி வரும்: "நீதிபதி அவர்களே, வருகிற காற்றையெல்லாம் இது தானே தின்றுவிடுகிறது!" "இது என் தூக்கத்தைக் கெடுக்கிறது, அதுவும் கணக்கு வகுப்பில்!" இலக்கணம் நொண்டியது, நொண்டிக்கொண்டே குதிரையை முந்தியது. சத்தத்தில் அடுத்த தெருவில் ஜன்னல்கள் தாமாகத் திறந்துகொண்டன என்பது டீச்சரின் கணக்கு.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "மேடம், இது அத்தனையும் உருப்போட்டது!"

"அப்ப நீயே கேளேன்டா," என்றாள் நீதிபதியான அக்கா.

கடைசிப் பெஞ்சில் ஒரு சிறுமி. எதைக் கேட்டாலும் 'ம்ம்' என்பதால் அவள் பேரே 'ம்ம்' என்றாகிவிட்டது. தம்பி பொறுக்கியெடுத்து அவளையே எழுப்பி, ஆங்கிலத்தில் கேட்டான்: "இந்த விசிறியைக் கழற்றி எறிந்தால் என்ன?"

'ம்ம்' எழுந்தாள்.

"ஐயா," என்றாள் 'ம்ம்', ஆங்கிலத்தில். "அதற்கு வயதாகிவிட்டது. சத்தம் அதிகம், பயன் குறைவு. அதற்காகக் கழற்றலாம் என்றால், அடுத்தது யாரைக் கழற்றுவது?"

வகுப்பு மொத்தமும் கணக்கு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தது.

"என்ன! நானா பயனில்லாதவன்?" அவனுக்கும் ஆங்கிலம் பீறிட்டது. கையை ஆட்டி, தலையை ஆட்டி, தன் அருமை பெருமைகளை அடுக்கினான். அந்த வேகத்தில் அவன் தலை மேல், பளபளக்கும் வழுக்கையின் நட்டநடுவில், விழுந்தது ஒரு சொட்டு. பின்னாலேயே இன்னொன்று.

'ம்ம்' கை நீட்டினாள். "நீதிபதி அவர்களே, பாருங்கள்! குற்றவாளி அழுகிறார்! ஐயாவின் பேச்சை அவராலேயே தாங்க முடியவில்லை!"

தலைமையாசிரியை நாற்காலியோடு சாய்ந்து சிரித்தார். மணி அடித்ததை யாரும் கேட்கவில்லை. பியூன் இரண்டாம் முறை அடித்துப் பார்த்துவிட்டு, வழக்கு கேட்க வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"விசிறிக்கு விடுதலை!" என்று துடைப்பான் தட்டியது.

தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாடவேளை யாருக்குன்னு இனி நான் சொல்லவேண்டியதில்ல. ஆனா டீச்சர் நாளைக்கு ஊரெல்லாம் போய், ஃபேன் அழுதுச்சுன்னு சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க சார், இதுவும் உருப்போட்டதா?"

தம்பி கைக்குட்டையால் மண்டையைத் துடைத்தான். அக்காவைப் பார்த்தான், 'ம்ம்'மைப் பார்த்தான், மேலே பார்த்து அவசரமாக ஓரடி தள்ளி நின்றான்.

"இல்ல மேடம். அழுதுச்சு. என் தலையிலதான் அழுதுச்சு."