உரியவரின் முகம்

"ஏழு மணி நேரம்! ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் இந்த டேப்பை வச்சுக்கிட்டு என்னடி பண்றே நீ?"

அப்பா சமையலறை வாசலில் நின்று கத்தினார். கையிலிருந்த போனில் பள்ளியிலிருந்து வந்த செய்தி. அரசு கொடுத்த டேப்லெட்டை மாவட்டத்திலேயே அதிக நேரம் பயன்படுத்தும் மாணவி அவருடைய மகள்தானாம். வகுப்பில் கடைசி மதிப்பெண்ணும் அவளுடையதுதானாம். வரும் சனிக்கிழமை டேப்லெட்டில் நடக்கும் தேர்விலும் தேறாவிட்டால் அவளுக்கு அறிவியல் பிரிவில் இடம் கிடையாது என்று கடைசியில் ஒரு வரி.

மகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயத்தாலா, வசவாலா என்று அவர் யோசிக்கவில்லை. வசவு வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டு குரலை இன்னும் உயர்த்தினார்.

"மாவட்டத்துக்கே திட்டம் போட்டுக் குடுக்கறவன் நான். என் பொண்ணு கடைசி மார்க்குன்னா ஆபீஸ்ல எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது? வாயைத் திறந்து சொல்லேன்!"

அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. அவளைவிட இரண்டு வயது இளைய தம்பி டேப்லெட்டோடு வந்தான். அதுவரை உள்ளே கேட்டுக்கொண்டிருந்த துப்பாக்கிச் சத்தம் நின்றுபோயிருந்தது. அப்பா நிற்பதை அவன் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. டேப்லெட்டை அக்காவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

"அக்கா, மூஞ்சி."

அவள் நறுக்குவதை நிறுத்தாமல் முகத்தை மட்டும் நிமிர்த்திக் காட்டினாள். டேப்லெட் 'டிங்' என்று ஒலித்துத் திறந்துகொண்டது. தம்பி வந்த வழியே போனான். துப்பாக்கிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேறொரு அப்பாவாக இருந்தால் உள்ளே போய்ப் பையனின் காதைத் திருகியிருப்பார். இவரோ திட்ட அதிகாரி. எவ்வளவு மோசமான தகவலிலும் நல்ல பக்கம் ஒன்று அவர் கண்ணில் பட்டுவிடும்.

"ஏழு மணி நேரம்னா, மாவட்டத்துலயே நம்ம வீடுதான் முதல்ல நிக்குது, இல்ல?" என்றார், குரலைத் தணித்துக்கொண்டு.

"ஆமாங்க. ரொம்பப் பெருமையா இருக்கு" என்றாள் அவர் மனைவி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் புகழ்கிறாளா இடிக்கிறாளா என்பது கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பிடிபட்டதே இல்லை.

அந்த முகப்பூட்டு அவருடைய யோசனைதான். மாவட்டப் பள்ளிகளில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று திட்டமிட ஒரு குழு இருந்தது. குழு முழுக்க ஆண்கள். மகளிர் பிரதிநிதி என்று ஒரே ஓர் ஆசிரியை. பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் வருஷம் மாணவர்களுக்கு வீட்டுக்கு ஒரு டேப்லெட் என்று கொடுத்தார்கள். அத்தனையும் அந்தந்த வீட்டுப் பையன்கள் கையில் போய்ச் சேர்ந்தது. அக்காக்களும் தங்கைகளும் அதைத் துடைத்து வைத்ததோடு சரி.

"வீட்டு வேலை எல்லாத்தையும் பொண்ணு தலையில கட்டிட்டு டேப்பை மட்டும் குடுத்தா, அவ எப்போ சார் அதைத் தொடுவா?" என்று ஆசிரியை கேட்டார்.

"அது குடும்ப விஷயம் மேடம். நாம இங்கே பேசறது தொழில்நுட்பம்" என்றார் குழுத் தலைவர்.

அப்போதுதான் நம் அதிகாரி எழுந்தார். இனிமேல் டேப்லெட் பெண் பிள்ளையின் பெயரில். அவள் முகத்தைக் காட்டினால்தான் திறக்கும். சற்று நேரம் போனால் தானே மூடிக்கொண்டு மறுபடி அவள் முகத்தைக் கேட்கும். யாராலும் பிடுங்க முடியாது! அறையே கைதட்டியது. மாலையில் அவர் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்துதான் போனார்.

திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்தது. டேப்லெட் பெண் பிள்ளையின் முகத்தைத்தான் கேட்டது, வேறு யாருடைய முகத்துக்கும் மசியவில்லை. எனவே பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் தேடிப் போனார்கள். துணி துவைக்கும் இடத்தில், அடுப்படியில், காய்ச்சலில் படுத்திருக்கும் கட்டிலில் என்று பெண் பிள்ளைகள் ஆங்காங்கே நிமிர்ந்து முகம் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். பெண்கள் டேப்லெட் பயன்படுத்தும் நேரம் மளமளவென்று ஏறியது. அலுவலகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. மாவட்டத்தில் முதலிடம் பிடித்த மாணவியை அவள் வீட்டிலேயே பார்க்க வேண்டுமாம். வருவது சனிக்கிழமை, மூன்று மணிக்கு.

"அன்னைக்கு மூணுலேருந்து நாலு வரைக்கும் எனக்குத் தேர்வுப்பா" என்றாள் மகள்.

"அவங்க போனதும் எழுதிக்கோ."

"நாலு மணிக்கு அதுவா மூடிடும்பா. அப்புறம் சயின்ஸ் குரூப் கிடைக்காது."

"நான் ஸ்கூல்ல பேசறேன்" என்றார். அவர் இப்படிப் பேசுவதாகச் சொன்ன விஷயங்கள் அலுவலகத்தில் ஓர் அலமாரி நிறையக் கிடந்தன.

"தம்பிகிட்ட இருந்து காலையிலயாவது வாங்கிக் குடுங்கப்பா. கொஞ்சம் படிச்சுக்கறேன்."

"சின்னப் பையன்மா. நீதான் அனுசரிச்சுப் போகணும்."

சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்து வீட்டைக் கூட்டி, துடைத்து, திரைச்சீலை மாற்றியது மகள்தான். மூன்று மணிக்குக் குழு வந்தபோது அவள் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். குழு என்றால் பெரிய கண்ணாடி போட்ட தலைவி ஒருவரும், கேமராவோடு ஓர் ஆளும். அப்பா தம் திட்டத்தைப் பற்றி ஆரம்பித்தார். ஆரம்பித்தால் லேசில் நிறுத்துகிறவர் இல்லை. மகள் சமையலறையிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். அவர் பேச்சு முடிந்தபோது தேர்வு நேரத்தில் கால்வாசி போயிருந்தது.

"பொண்ணைக் கூப்பிடுங்க. அவ டேப்பைத் திறக்கறதை ஒரு படம் எடுத்துக்கறோம்" என்றார் தலைவி.

மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உள்ளறைக்குள் போன அப்பா, பையனிடமிருந்து டேப்லெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, திரையை அணைத்து எடுத்து வந்து அவளுக்கு நேராகப் பிடித்தார். கேமரா தயாரானது.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

'உரியவரின் முகம் தெரியவில்லை' என்றது டேப்லெட்.

"வெளிச்சம் போதலை போலிருக்கு" என்று அப்பா ஓடிப்போய்த் திரைச்சீலையை விலக்கினார். தெரியவில்லை. நாற்காலியோடு அவளை ஜன்னலோரம் நகர்த்தினார். தெரியவில்லை. கேமராக்காரர் தம் விளக்கைப் போட்டார். அப்போதும் அதே பாட்டுத்தான்.

"பாவம், கண்ணு கூசுது பாருங்க" என்றார் தலைவி. "ஏழு மணி நேரம் படிச்சா கண்ணு என்னத்துக்கு ஆகும்? அடுத்த வருஷத் திட்டத்துல எல்லாப் பொண்ணுங்களுக்கும் கண்ணாடி சேர்த்துடுங்க."

"கண்டிப்பா சேர்த்துடறேன் மேடம்!" அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கண்ணு நல்லாத்தான் இருக்குங்க மேடம்" என்றாள் மகள், மூடிய கண்ணோடு. "நான்தான் மூடிக்கிட்டிருக்கேன்."

"ஏம்மா?"

"எனக்கு இதுலதான் தேர்வு. நேரம் ஓடிக்கிட்டிருக்கு. நாலு மணி வரைக்கும் இதை யாரும் என்கிட்ட கேக்க மாட்டாங்கன்னு அப்பா உங்க முன்னாடி சொல்லட்டும். திறக்கறேன்."

அப்பாவின் முகம் சிவந்தது. ஓர் அறை விட வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் கேமரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் கதவோரம் நின்று, மாற்றிய திரைச்சீலை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பவளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதட்டுமே. யாரு வேணாம்னது?" என்றார், வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு.

மகள் கண்ணைத் திறந்தாள். டேப்லெட்டும் திறந்தது. அறை முழுக்கத் துப்பாக்கிச் சத்தம். திரையில் ஒருவன் இன்னொருவனைத் துரத்தித் துரத்திச் சுட்டுக்கொண்டிருந்தான்.

"ஐயோ, என் மேட்ச்!" என்று உள்ளறையிலிருந்து ஓடி வந்தான் தம்பி.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதுதான் அந்த ஏழு மணி நேரமா சார்?"

"விளையாட்டு வழிக் கற்றல், மேடம்" என்றார் அப்பா.

மகள் அதைக் காதில் வாங்கவில்லை. விளையாட்டை மூடினாள், தேர்வைத் திறந்தாள், ஜன்னலோரமே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். தேநீர் கொண்டு வர யாரும் எழவில்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் அப்பாவுக்கு உறைத்தது.

"டேய், நீ போய் டீ எடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

"நானா? டம்ளர் எங்கே இருக்கும்?"

"தேடு. இதே வீட்லதான் இருக்கு."

அப்பா மகளைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, விடை கிடைத்ததும் லேசாகத் தலையாட்டிக்கொள்கிறாள். இந்த வீட்டில் அவள் படித்து அவர் பார்த்ததே இல்லை. ஒரு நிமிஷம் அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அடுத்த நிமிஷம் தலைவி அறிக்கையில் என்ன எழுதுவாரோ என்ற கவலை வந்து அந்த வெட்கத்தை ஓரம் தள்ளிவிட்டது.

மகள் தேறினாள். அறிவியல் பிரிவில் கடைசி இடம்தான் கிடைத்தது. ஆனாலும் கிடைத்தது.

தலைவி அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். 'டேப்லெட்டைத் திறப்பதற்காகப் பெண் பிள்ளைகள் வீட்டு வேலையின் நடுவே ஓயாமல் தொந்தரவு செய்யப்படுகிறார்கள்' என்பது அதில் ஒரு வரி. திட்டக் குழு அதை மிகுந்த அக்கறையோடு விவாதித்தது. பிள்ளைகளை இப்படித் தொந்தரவு செய்வது தகாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வழி கண்டுபிடித்தவர் நம் அதிகாரிதான். இனி ஒவ்வொரு டேப்லெட்டும் இரண்டு முகங்களுக்குத் திறக்கும். குடும்ப வசதிக்காக வீட்டிலுள்ள ஒரு பையனின் முகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியை மறுப்புச் சொல்லக் கையைத் தூக்கினார். பிஸ்கட் கேட்கிறார் என்று தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஒரு மாதத்துக்குள் மாவட்டத்தில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இரண்டாவது முகம் ஏறிவிட்டது. அடுப்படியில் இருந்த பெண் பிள்ளைகளை இப்போது யாரும் தொந்தரவு செய்வதில்லை.

அதிகாரியின் வீட்டில் மட்டும் ஒரு சிக்கல். இரண்டாவது முகத்தைச் சேர்க்க முதல் முகம் ஒருமுறை நேராகப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அப்படித் திட்டத்தில் எழுதியவரும் அவர்தான். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவரே சமையலறைக்கு வந்தார். பின்னால் பையன்.

"ஒரே ஒரு தடவை நேராப் பாரும்மா. அப்புறம் உன்னை யாரும் கூப்பிடவே மாட்டோம்."

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த பாத்திரங்களைக் குழாயடியில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டாள்.

கெஞ்சிப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார். நயமாகவும் சொல்லிப் பார்த்தார். அவள் கண்ணைத் திறப்பதாக இல்லை.

"எவ்வளவு நேரமானாலும் நான் நகர மாட்டேன்" என்றார் அப்பா.

"நிக்கறதுதான் நிக்கறீங்க" என்றாள் அவர் மனைவி, "அவ வச்ச பாத்திரத்தை எல்லாம் கழுவிக்கிட்டே நில்லுங்களேன்."