மூடி போட்ட பலகாரம்

பின்படியில் காலடிச் சத்தம் கேட்டதும் விறகு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை, மதியம் இரண்டு மணி. அது நல்லம்மாள் வரும் நேரம். பலகையில் மாவைப் பரத்திக்கொண்டே, "இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?" என்று திரும்பாமல் கேட்டேன். திரும்பினால் நல்லம்மாளின் பக்கத்து வீட்டு ராக்காயி நிற்கிறாள். அடுப்பில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்ததால் சேலைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தாள். "இல்டாக்கா, சன்னாசி அண்ணன் போயிட்டாரு. காய்ச்சல் எறங்கவே இல்ல. நல்லம்மா ஒங்ககிட்ட சொல்லச் சொல்லுச்சு" என்றாள். சொல்லிவிட்டு நிற்கவில்லை, இறங்கிப் போய்விட்டாள். நான் மாவுக் கையோடு அப்படியே நின்றேன். நல்லம்மாள் எனக்கென்று ஆள் அனுப்பியிருக்கிறாள் என்பதுதான் முதலில் மனதில் பட்டது. அவள் புருஷன் செத்துப்போனது அதற்குப் பிறகுதான் உறைத்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, அப்படித்தான் இருந்தது.

நான் இந்த ரப்பர் தோட்டத்துப் பெரிய துரை பங்களாவில் சமையல்காரி. எட்டு வருஷம் ஆகிறது. ஈப்போ பட்டணத்தில் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். பெற்றவர்கள் யார் என்று மடத்தில் யாருக்கும் தெரியாது, ஹில்டா என்ற பெயரும் கன்னியர்கள் வைத்ததுதான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் பெண்கள் புதிதாக யாரைப் பார்த்தாலும் "ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்பார்கள். சேலம், நாமக்கல், புதுக்கோட்டை என்று கடலுக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஓர் ஊரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஊர்க்காரி ஒருத்தி எங்கிருந்தாவது முளைத்து வந்து உறவு கொண்டாடுவாள். நான் ஈப்போ என்பேன். "அது இருக்கட்டும், அதுக்கு முந்தி?" என்பார்கள். அதற்கு முந்தி என்னிடம் ஒன்றும் கிடையாது. பங்களா மேட்டில், லயம் கீழே. மேட்டில் இருப்பவர்களுக்கு நான் வேலைக்காரி, கீழே இருப்பவர்களுக்கு மாடு சமைக்கிறவள். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், அதனால் யாரும் ரொம்பக் கிட்ட வந்ததில்லை.

துரைசாணி அம்மா கனடாவிலிருந்து வந்தவர். இரும்பு அடுப்பில் பலகாரம் சுடுவதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கறியை மசாலா போட்டு வேகவைத்து, மாவாலேயே செய்த கிண்ணத்தில் கொட்டி, மேலே இன்னொரு மாவை மூடியாகப் போட்டு ஓரத்தை விரலால் அழுத்திச் சுடுவதற்குப் பை என்று பெயர். வாழைப்பழமோ அன்னாசியோ போட்டுக் குழித்தட்டில் சுடுவது மஃபின். பிள்ளைகளின் படிப்புக்காக அம்மா ஊருக்குத் திரும்பி மூன்று வருஷமாகிவிட்டது. துரை பெரிய மேசையில் தனியாக உட்கார்ந்து புதனும் ஞாயிறும் அதே பையையும் அதே மஃபினையும் கேட்பார். அந்தத் தட்டில் பன்னிரண்டு குழி. துரை தின்பது இரண்டு. குறைத்துச் சுடலாமே என்றால், காலிக் குழி கருகிப் போகும், தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். எனக்கு அந்தக் குழிகளில் தண்ணீர் ஊற்றப் பிடிக்கவில்லை. பன்னிரண்டையும் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

மீதிக்கு வந்து சேர்ந்தவள் நல்லம்மாள். கித்தாக் காட்டில் பால்மரம் வெட்டும் வேலை முடிந்ததும் பங்களாவுக்கு விறகுக் கட்டு கொண்டுவருவாள். முதல் நாள் ஒரு வாழைப்பழ மஃபினைக் கொடுத்தபோது இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தாள். "இது நம்ம குழிப்பணியாரந்தானே அக்கா? வெள்ளக்காரன் ஊருல போயி நல்லா தின்னு ஊதிப்போச்சு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன், தெரியவில்லை. அதிலிருந்து புதனும் ஞாயிறும் அவள் உள்ளே வந்து கதவோரம் குத்தவைத்து உட்காருவாள். ஒன்று தின்பாள், ஒன்றைச் சன்னாசிக்கு முடிந்துகொள்வாள். நான் அடுப்புக்குள் கையை விட்டு மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லி, அது முடியும்வரை கை தாங்குகிறதா என்று சூடு பார்ப்பதையும், மூடியைக் கத்தியால் கீறுவதையும், கோழி இறகால் முட்டை பூசுவதையும் வேடிக்கை பார்ப்பாள். அந்தப் பையை மட்டும் அவளுக்குக் கொடுத்ததில்லை. உள்ளே மாடு. மாவிலும் மாட்டுக் கொழுப்பு. "மூடிக்குள்ள என்னாதான் இருக்குன்னு ஒரு நாளாவது தின்னு பாக்கணும் அக்கா" என்பாள். ஒரு நாள் உனக்கென்று காய்கறி போட்டுச் செய்கிறேன் என்பேன். எட்டு வருஷத்தில் என்னிடம் யாராவது ஒன்றைக் கேட்டு நான் வாக்குக் கொடுத்தேன் என்றால் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை சன்னாசியை எடுத்தார்கள். நானும் போய்ப் பெண்களோடு லயத்து வாசலில் நின்றேன். எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். என்னை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை, நானும் யார் தோளில் கை போடுவது என்று தெரியாமல் தள்ளி நின்றே அழுதேன். சாயங்காலம் கங்காணி மனைவி வீரம்மா முறை பிரித்தாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவருவார்கள். தோட்டத்தில் சொந்தம் ஏது, லயத்து வீடுகள்தான் வேளைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளும். நல்லம்மாள் மூலையில் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். காலையில் வந்த சோறு தொடாமல் கிடந்தது. வீரம்மா விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். இன்றைக்கு ராக்காயி, நாளைக்குக் கோடிவீடு, சனிக்கிழமை இருளாயி.

"எனக்கும் ஒரு வேளை குடுங்க" என்றேன்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒனக்கு எதுக்குலா இந்தச் சூசா, இந்த வீண் தொல்ல? பங்களா அடுப்புல மாடு வேகுது. இங்க கருமாதி முடியிற வரைக்கும் கவிச்சி ஆவாது. கறி, மீனு, முட்ட, ஒண்ணும் இந்த வாசப்படி தாண்டக் கூடாது."

"எனக்குத் தெரியாதா? புதுச் சட்டி வாங்குறேன். அடுப்பக் கழுவி மொழுகுறேன். நானும் மனுஷிதானே!"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சாவு வீட்டில் சத்தம் போட்டுவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்போது மூலையிலிருந்து நல்லம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அக்கா கொண்டாரட்டும். அந்த மூடி போட்டதக் கொண்டாங்கக்கா."

வீரம்மா உதட்டைப் பிதுக்கினாள். "சரி. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒன்னோடது" என்றாள்.

மேட்டில் ஏறும்போது ஞாயித்துக்கிழமை மத்தியானம் என்னுடையது என்று மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொண்டு போனேன். சாவு வீட்டுச் சோற்றுக்கு முறை கிடைத்ததற்குச் சந்தோஷப்படுகிற பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெள்ளிக்கிழமை துரையிடம் சொல்லிவிட்டுச் சித்தியவான் சந்தைக்குப் போய்ப் புதுத் தட்டும் புதுக் கத்தியும் பசுநெய்யும் வாங்கினேன். சனிக்கிழமை அடுப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், உள்தட்டைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன், மூன்று தடவை கழுவினேன். துரைக்கு அன்றும் மறுநாளும் ரொட்டியும் டின் மீனும்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார். என் சிநேகிதி வீட்டில் துக்கம் என்றேன். சிநேகிதி என்று அதுவரை யாரையும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. நெய்யில் மாவு பிசைவதென்றால் வெயில் ஏறுவதற்குள் பிசைய வேண்டும், இல்லாவிட்டால் கையிலேயே உருகி ஓடும். கிணற்றுத் தண்ணீரில் கையை நனைத்து நனைத்துப் பிசைந்தேன். உருளைக்கிழங்கு, பூசணி, வாழைக்காய், சீரகம், மிளகு. வெங்காயம்கூடப் போடவில்லை, அதற்கு ஏதாவது குற்றம் சொல்வார்களோ என்ற பயம். மூடியைப் போட்டு ஓரம் அழுத்தும்போதெல்லாம் நல்லம்மாளிடம் என்ன சொல்வது என்றுதான் யோசனை. "சாப்பிடு" என்பதா, "அழாதே" என்பதா? எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. மடத்தில் துக்கம் வந்தால் ஜெபம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வோம். அடுப்புக்குள் கையை விட்டு மந்திரம் சொன்னேன், சூடு சரியாக இருந்தது. சுட்டு எடுத்தபோது நல்ல நிறம் வந்திருந்தது. வெள்ளைத் துணியால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்குள் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். சன்னாசி படுத்திருந்த இடத்தில் நெல்லைப் பரப்பி விளக்கு ஏற்றியிருந்தது. நல்லம்மாள் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. துணியை எடுத்து, ஒரு துண்டு வெட்டி, வாழையிலையில் வைத்து அவள் முன்னால் தள்ளினேன். "நல்லம்மா" என்றேன், அவ்வளவுதான்.

அவள் என்னைப் பார்த்தாள். பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். "ஐயோ, சாப்பிடுதே!" என்று ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த லயத்தில் யார் கொண்டுவந்ததையும் தொடாதவள் நான் கொண்டுவந்ததைத் தின்கிறாள்.

வீரம்மா தட்டருகே குனிந்து பார்த்தாள். "இது என்னாலா இப்படி பளபளன்னு இருக்கு? மேல என்னா பூசியிருக்கே?"

அப்போதுதான் நானும் மூடியைப் பார்த்தேன். பொன்னிறமாக மின்னியது. நெய் மாவு அப்படி மின்னாது. காலையில் நான் செய்தது ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. ஓரம் அழுத்தினேன். மூடியைக் கீறினேன். பிறகு பங்களாக் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உடைத்து, பாலோடு அடித்து, கோழி இறகால் நிதானமாக, மூலை முடுக்கு விடாமல் பூசியிருக்கிறேன். எட்டு வருஷமாகப் பூசுகிற கை. அடுப்பை மூன்று தடவை கழுவின கை. பாவி, நான் பாவி! சாவு வீட்டில், புருஷன் விளக்குக்கு முன்னால், அவள் வாயில் முட்டையை ஊட்டிவிட்டேன்.

வாயைத் திறந்தேன். சொன்னால் அந்தத் தட்டு குப்பைக்குப் போகும். நல்லம்மாளை எழுப்பித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இனி ஆயுசுக்கும் என்னை இந்த வாசல் பக்கம் விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் எல்லாரும் தின்பார்கள். என்னை நம்பித் தின்பார்கள்.

நல்லம்மாள் மெல்லுவது நின்றிருந்தது. அவளும் மூடியைப் பார்த்தாள். எத்தனை புதன், எத்தனை ஞாயிறு அந்தக் கதவோரம் குத்தவைத்து இறகையும் கிண்ணத்தையும் பார்த்தவள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் துப்பட்டும் என்று காத்திருந்தேன்.

"நெய்யிதான் வீரம்மாக்கா" என்றாள். "அக்கா நெய்யிதான் பூசும். நான் பக்கத்துல ஒக்காந்து பாத்திருக்கேன்லா."

"அப்படியா? நல்ல வாசமாத்தான் இருக்கு. எனக்கும் ஒரு துண்டு போடு, பாப்போம்" என்று வீரம்மா கையை நீட்டினாள்.

நல்லம்மாள் சட்டென்று தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "யாரும் தொடாதீங்க. எனக்குப் பசிக்குது. எல்லாம் எனக்குத்தான் வேணும்."

வீரம்மா கையை எடுத்துக்கொண்டாள். "தின்னட்டும், தின்னட்டும். வயிறு கேக்குதுல்ல" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். ராக்காயி தண்ணீர் கொண்டுவர எழுந்தாள். பெண்கள் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள், நாளைக்கு யார் முறை, கருமாதிக்கு ஐயர் எங்கிருந்து வருவார் என்று. நான் நல்லம்மாள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொள்ளப் போனேன். உள்ளே இருக்கும் காயை மட்டும் தின்றுவிட்டு மூடியை விட்டுவிடு என்றாவது மெதுவாகச் சொல்லலாம் என்று. அவள் விடவில்லை. என் விரல்களை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டுத் தள்ளிவிட்டாள்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து திரும்பி, விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மூடியைத் துண்டு துண்டாக ஒடித்து, சேலையில் சிந்திய பொடியையும் எச்சில் விரலால் ஒற்றி எடுத்து, சுவரைப் பார்த்தபடி தின்றுகொண்டிருந்தாள்.