புடைப்பும் மஞ்சள் அச்சும்

அந்த ஊரில் ஆட்களை அடையாளம் காண்பது காலை வைத்துத்தான். எதிரில் ஒருவர் வந்தால் முதலில் குனிந்து பாதத்தைப் பார்ப்பார்கள். பார்த்த பிறகுதான் சிரிப்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று முடிவாகும். போலீஸ்காரர்கள் பூட்ஸ் போட்டுக்கொள்வதால் அவர்கள் யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

ஜவுளிக்கடையில் சேலை விற்கும் நவமணியின் வலது கால், கொஞ்சம் கொஞ்சமாக மரக்கடை அருணாசலத்தின் மனைவி கோமதியின் காலாக மாறிக்கொண்டிருந்தது. கோமதி செத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது. நவமணிக்குப் பெருவிரல் மூட்டில் ஒரு புடைப்பு. கல்யாணத்துக்கு அடுத்த வருடம், பிள்ளை வயிற்றில் இருந்தபோது எட்டிப் பார்த்தது. பெருவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாயச் சாய, புடைப்பும் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாள் முழுக்க மெத்தை விரிப்பின் மேல் வெறுங்காலோடு நின்று சேலை பிரித்துப் போடுகிற வேலை. எலும்பும்தான் பாவம், என்ன செய்யும்? பெருவிரல் மெட்டி விரலின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் அது முழுக்கக் கோமதியின் கால். அதன் பிறகு அவள் மரக்கடை வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

அருணாசலம் நல்ல மனிதர். அதுதான் நவமணிக்கு இன்னும் பயமாக இருந்தது. சண்டை போடுகிற ஆளாக இருந்தால் திருப்பிச் சண்டை போடலாம். அவரோ வாராவாரம் கடைக்கு வந்து, சேலை பார்க்கிற சாக்கில் அவள் காலைப் பார்த்துவிட்டு, "அவசரமில்லைங்க, நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒருநாள் வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு" என்றார். "நீ சாப்பிட்டியா?"

அவர் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நவமணி, வருடக்கணக்காக மடித்துப் பழகிய பட்டுச்சேலையை மடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பயமெல்லாம் பூவிழியை நினைத்துத்தான். மகளுக்கு ஐந்து வயது. காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அம்மாவின் புடைப்பில் ஒட்டும். தூங்கும்போது கால்மாட்டில் சுருண்டு, அதைக் கையால் மூடிக்கொண்டு தூங்கும். நாளைக்கு இந்தக் கால் கோமதியுடையதாகிவிட்டால், இதே பிள்ளை தன்னைத் தெருவில் பார்த்து "வாங்க ஆன்ட்டி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். அதை நினைத்தால் நவமணிக்குச் சோறு இறங்கவில்லை.

கணவன் துரைப்பாண்டி மினி பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு அவளை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் மீனலோசனி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மரக்கடை வீட்டுக் காலா?" என்றார்.

"ஆமா டாக்டர்."

"நீளமாக் கிழிச்சுப் பண்றதெல்லாம் இப்ப இல்லைம்மா. மூணு வழி இருக்கு. மூணுமே சின்னத் துளைதான். வலி கம்மி, தழும்பு கடுகளவு. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

முதல் வழியில் எலும்பை வெட்டுவதே இல்லை. இரண்டு எலும்புகளுக்கு நடுவே கெட்டியான நூலைக் கோத்து, இரண்டு பக்கமும் குட்டிப் பொத்தான் வைத்து இழுத்துக் கட்டிவிடுவார்கள். "ஆனா நூல் தளரலாம். தளர்ந்தா எலும்பு நகரும். அப்ப யார் காலா நகரும்னு என்னால சொல்ல முடியாது. போன மாசம் ஒரு அம்மா தாசில்தார் ஆயிட்டாங்க."

இரண்டாவது வழியில் எலும்பை வெட்டி நகர்த்தி, விரல் நுனி வழியாக ஒரு கம்பியைச் செருகி வைப்பார்கள். ஆறு வாரம் கழித்துக் கம்பியை உருவிவிடலாம், உள்ளே எதுவும் தங்காது. "கம்பி இருக்கிற வரைக்கும் அது யார் காலும் இல்லை. நடுவுல யாராவது வந்து இது எங்க வீட்டுக் காலுன்னு கேட்டா, அனுப்பி வச்சுடுவோம்."

நவமணி துரைப்பாண்டியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அருணாசலம் ஆறு வாரமும் வாசலிலேயே பாய் விரித்துப் படுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது வழியில் பென்சில் முனை மாதிரி ஒரு கருவியைத் துளைக்குள் விட்டு எலும்பை வெட்டி, புடைப்பையும் அரைத்து, நேராக நிறுத்தி இரண்டு ஸ்குரூ போடுவார்கள். ஸ்குரூ அங்கேயே இருக்கும், கால் அசையாது. கட்டுப் பிரிக்கும்வரை ஆஸ்பத்திரியில் இருந்தால் போதும்.

"இதுல குறை ஒண்ணுமில்லையா?" என்றான் துரைப்பாண்டி.

"அரைச்ச எலும்பு மாவா வெளிய வரும். அதைக் கேட்டு வர்றவங்ககிட்டக் கொடுத்துடணும், அது அவங்க பங்கு. அப்புறம், நேரா நிறுத்த ஒரு அளவு வேணும். பழைய கால் அச்சு எதையாவது கொண்டு வாங்க."

மணமேடையில் அம்மி மிதிக்குமுன் பெண்ணின் காலை மஞ்சளில் தோய்த்து, வெள்ளைத் துணியில் பதித்துச் சட்டம் போட்டு வைப்பது அந்த ஊர் வழக்கம். துரைப்பாண்டி சுவரிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"எல்லாரும் இதையேதான் கொண்டு வர்றீங்க" என்றார் டாக்டர். "இதுக்கப்புறம் எடுத்தது ஏதும் இல்லையா?"

"அதுக்கப்புறம் எதுக்கு டாக்டர் எடுக்கணும்?" என்றாள் நவமணி.

டாக்டர் தலையாட்டிவிட்டு அச்சை வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, காதுதான் மரக்கவில்லை. மிக்ஸியில் பொட்டுக்கடலை அரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நவமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு மகளின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் துளையைப் பிதுக்கி, வந்த மாவை வழித்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினாள்.

கட்டுப் பிரிக்கிற அன்று எல்லோரும் வந்திருந்தார்கள். அருணாசலம் வேட்டி சட்டையோடு வராண்டாவில் ஒதுங்கி நின்றார். கடைசிச் சுற்றுத் துணி விழுந்ததும் துரைப்பாண்டி குனிந்து பார்த்து, அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதான்.

"வந்துட்டியா" என்றான். "அப்படியே மணமேடையில பாத்த கால்."

நவமணிக்கு உயிர் திரும்பி வந்தது. இரண்டு கையையும் நீட்டி மகளைக் கூப்பிட்டாள். பூவிழி அருகில் வந்து குனிந்து, காலை நன்றாகப் பார்த்தது. விரலால் மூட்டைத் தடவிப் பார்த்தது. மேடு இல்லை.

"வாங்க ஆன்ட்டி" என்றது.

"கண்ணு, அம்மாடி, நான்தான்" என்றாள் நவமணி. பிள்ளை மறுபடியும் ஒருமுறை, மரியாதைக்காக, குனிந்து பார்த்தது. அதற்குள் நர்ஸ் வராண்டாவில் டப்பாவைத் திறந்து அருணாசலத்திடம் காட்டிக்கொண்டிருந்தாள். பூவிழி எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா!" என்று ஓடியது. பாக்கெட்டிலிருந்து பொட்டை எடுத்து டப்பாவின் மேல் ஒட்டியது. அருணாசலம் டப்பாவை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

"யாரு வீட்டுப் பிள்ளை? சூட்டிகையா இருக்கு" என்றான் துரைப்பாண்டி. "மறுவீட்டுக்கு எப்பக் கிளம்பலாம்?"

இப்போது நவமணி வாராவாரம் மரக்கடை வீட்டுக்குப் போகிறாள். முனை குறுகிய செருப்பாகப் பார்த்து, ஒரு நம்பர் சின்னதாக வாங்கிப் போட்டிருக்கிறாள். வலி உயிர் போகிறது. பெருவிரல் நூலளவு சாய்ந்திருக்கிறதா என்று பூவிழி குனிந்து பார்க்கும், இல்லையென்று தலையாட்டிவிட்டு விளையாடப் போகும்.

"அவசரமில்லை கண்ணு" என்பாள் நவமணி. ஸ்குரூ அசையவே அசையாது என்று டாக்டர் சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வரும்.

"உக்காருங்கம்மா" என்பார் அருணாசலம். பிறகு உள்பக்கம் திரும்பி, "கோமதி, வந்தவங்களுக்குக் காபி கொடு" என்பார்.

டப்பா காபி கொண்டு வரும்.

"எங்கம்மா போட்ட காபி, ஆன்ட்டி. குடிச்சுப் பாருங்க" என்னும் பிள்ளை.

நவமணி குடித்துப் பார்ப்பாள். அவள் போடுகிற காபிதான். சர்க்கரைகூட அதே அளவு.