பால்ராஜுக்காக அழுத்தியவர்கள்

சனிக்கிழமை மாலை ஐந்து மணி நெருங்கினாலே ரெனிதா திரையை விட்டு நகர மாட்டாள். ஆவடியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இலவச டயாலிசிஸ் மையம், அடுத்த வாரத்துக்கான இடங்களை அந்த நேரத்தில்தான் செயலியில் திறந்துவிடும். யார் போனிலிருந்தும் நோயாளியின் பதிவு எண்ணைப் போட்டு இடம் கேட்கலாம். மண்ணூர்பேட்டையில் ஒரு சிறிய அலுவலகத்திலிருந்து அந்தச் செயலியை அவளும் அவளுடைய டீம் லீடர் உதயகுமாரும் கவனித்துக்கொண்டார்கள்.

கிளவுட் என்பது எங்கோ இருக்கும் கணினிகளை வேண்டியபோது வாடகைக்கு எடுத்துக்கொள்வதுதான். கூட்டம் கூடினால் கூடுதல் கணினிகள் தாமாகவே வந்து சேரும். ஆனால் அவை எழுந்து வேலைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். இங்கோ பரபரப்பெல்லாம் முதல் நிமிடத்திலேயே. பந்தியில் இலை போடுவதற்குள் மண்டபமே உள்ளே புகுந்துவிட்டதைப் போலச் செயலி திணறி நின்றுவிடும்.

அதற்காக ரெனிதா ஒரு விதி எழுதினாள். ஒரே நோயாளி எண்ணைப் பல போன்கள் ஒரே சமயத்தில் அனுப்பினால், அது யாரோ செய்யும் தில்லுமுல்லு. அந்த எண்ணைப் பூட்டிவிடு. அந்தச் சனிக்கிழமை, அலுவலகத் திரையில் பார்த்தவரை, செயலி ஒரு சிணுக்கமும் இல்லாமல் ஓடியது. உதயகுமார் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை, பூட்டப்பட்ட எண்களை ரெனிதா பார்த்தாள். ஓர் எண்ணுக்கு மட்டும் ஏகப்பட்ட போன்கள். பெயர் பால்ராஜ், கோவில்பதாகை.

"பெரிய கேடியா இருப்பான் போல" என்றான் உதயகுமார்.

"ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கறேன் அண்ணா."

"கேடிகிட்ட போய் சாரி கேக்கப் போறியா? கேளு, கேளு."

போனை எடுத்தது பால்ராஜின் மனைவி ஜெயகுமாரி. ரெனிதா தான் யாரென்று சொன்னதும் அவள் குரல் உயர்ந்தது.

"ஏம்மா, இந்த வாரம் எங்கூட்டுக்காரருக்கு எடமே கெடைக்கலியே! தெருவே அமுக்குச்சும்மா. பக்கத்தூட்டு சாமுண்டீஸ்வரி அக்கா, அயன் கடக்காரரு, காலேஜ் பசங்கோ... எல்லாத்துக்கும் இவரு நம்பரு மனப்பாடம். போன்ல சக்கரம் மட்டும் சுத்திகினே கீது. திரும்பத் திரும்ப அமுக்குனோம். அப்புறம் பூட்டு படம் வந்துச்சு. அக்கா பாவம், தன் கை ராசிதான் சரியில்லன்னு ரெண்டு நாளா சரியா சாப்புடல."

ரெனிதா பூட்டிய எண்களின் பட்டியலை மூடினாள். பிறகு, "அக்கா, அவங்க கை ராசியில ஒரு குறையும் இல்ல. நாங்கதான் பூட்டிட்டோம்" என்றாள்.

"அப்பிடியா? அப்போ தொறந்து வுட்டுடும்மா" என்றாள் ஜெயகுமாரி. அவள் திட்டவில்லை. அதுதான் ரெனிதாவை மேலும் சுட்டது.

விதியை அப்போதே நீக்கி, பூட்டிய எண்களையெல்லாம் திறந்துவிட்டாள். மையத்தின் செவிலியரைக் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னாள். வெளியூர் போன ஒருவரின் இடம் செவ்வாய்க்கிழமை காலியாக இருந்தது. செவிலியர் அதைப் பால்ராஜுக்குக் கொடுத்தார். ரெனிதா கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். ஆனால் வரும் சனிக்கிழமையும் தெரு முழுவதும் அழுத்தும். விதி இல்லாவிட்டால் செயலி திணறும். அப்போதும் அவருக்கு இடம் கிடைக்காமல் போகலாம்.

"ஒரு போன்ல மட்டும் அமுக்குங்கன்னு செயலியில எழுதிப் போட்டுடு. வேலை முடிஞ்சுது" என்றான் உதயகுமார்.

"உங்க வீட்ல ஒருத்தருக்கு இப்படின்னா, நீங்க சும்மா உக்காந்திருப்பீங்களா?"

அவன் யோசித்தான். "ஆபீஸ் லேப்டாப் அத்தனையும் திறந்து வெச்சிருப்பேன்."

"அப்போ அவங்க அமுக்கட்டும். நாம தாங்கற மாதிரி கட்டுவோம்."

வாரம் முழுவதும் இருவரும் அதையே செய்தார்கள். ஒரு நோயாளியின் எண் முதல் முறை வந்ததும் அது வரிசையில் சேரும். உள்ளே இருக்கும் கணினி வரிசைப்படி நிதானமாக எடுத்துக்கொள்ளும். அதே எண் மறுபடி எத்தனை போன்களிலிருந்து வந்தாலும் உள்ளே போகாது. வாசலிலேயே பதில் கிடைக்கும்: 'இவருக்கான கோரிக்கை வந்து சேர்ந்தது. இனி அழுத்த வேண்டாம். முடிவு தானாகவே வரும்.' இடம் கேட்டு வந்ததை உள்ளே கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் கணினிக்குப் பாரம். வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு அநேகமாகச் செலவே இல்லை. அந்த வார்த்தை கிடைக்காமல்தான் இத்தனை காலம் ஜனங்கள் பயந்து பயந்து அழுத்தியிருக்கிறார்கள். நல்ல வார்த்தையை ஆண்டவர் மலிவாகத்தான் படைத்திருக்கிறார். நாம்தான் அதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

சனிக்கிழமை உதயகுமார் அலுவலகத்தில் திரைக்கு முன் உட்கார்ந்தான். ரெனிதா ஷேர் ஆட்டோ பிடித்துக் கோவில்பதாகைக்குப் போனாள்.

பால்ராஜ் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஆளுக்கொரு போனுடன் தெரு. நடுவில் சாமுண்டீஸ்வரி, நெற்றி நிறையக் குங்குமம்.

"பச்சையம்மனுக்கு வெளக்கு ஏத்திட்டு வந்துகீறேன். இந்த வாட்டி எவனாவது பூட்டிப் பாக்கட்டும்!"

ரெனிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மணி அஞ்சு! அமுக்குங்கடா!" என்றாள் சாமுண்டீஸ்வரி.

எல்லாரும் அழுத்தினார்கள். எல்லாப் போன்களிலும் அந்த வாசகம் வந்தது. மறுபடி அழுத்தப் போன விரல்கள் நின்றன. "வந்து சேந்துச்சாமே" என்று ஒருவர் மெல்லச் சொன்னார். ஜெயகுமாரி முந்தானையைப் பிடித்தபடி கணவரையே பார்த்தாள்.

பிறகு எல்லாப் போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. செவ்வாய், வெள்ளி, இரண்டு நாளும் பால்ராஜுக்கு இடம்.

"என் போன்லதான் மொதல்ல வந்துச்சு!"

"போடா, உன் டப்பா போன்லயா? என்னுது பாரு!"

சத்தத்துக்கு நடுவே உதயகுமார் ரெனிதாவைக் கூப்பிட்டான். "திரை ரொம்ப அமைதியா இருந்துச்சு, ஏதோ கோளாறுன்னு பயந்துட்டேன். எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துடுச்சு. பாதி மெஷின் வேலையில்லாம தூங்குது. அங்க சண்டை எனக்கே கேக்குது, மொத ஆளு யாருன்னு பாத்துச் சொல்லவா?"

"வேணாம் அண்ணா" என்று ரெனிதா போனை வைத்தாள்.

சாமுண்டீஸ்வரி அவள் கையைப் பிடித்தாள். "நீ ஆபீஸ்காரி, நீயே சொல்லும்மா. யாரு போன்ல கெடச்சுது?"

"எல்லார் போன்லயும் வந்திருக்கே, அக்கா."

"இன்னாமா இது நாயம்? மொதல்ல ஒருத்தரு இருந்தாவணும் இல்ல?"

"ஒருத்தருதான் அனுப்பணும்னா, தெருவே எதுக்குக்கா கூடுச்சு?"

சாமுண்டீஸ்வரி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு, "அப்பிடின்னாலும் என் கைதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கூட்டத்தோடு வாதாடப் போனாள். பால்ராஜ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, தமக்காக நடக்கும் அந்தச் சண்டையை ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.